இரண்டு கிலோமீட்டர் குறைகிறது!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவி



“விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது” என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். வளர்ந்தது உண்மைதான், மறுப்பாரில்லை. ஆனால் அந்த வளர்ச்சி எங்கள் ஊர் வரை வந்து சேருவதற்குள் சரியாக இரண்டு கிலோமீட்டர் குறைந்துவிடுகிறது. இதை உவமை என்று எண்ணிவிடாதீர்கள். என் மின்சார ஸ்கூட்டரின் கணக்கு இது. குறைந்த அந்த இரண்டு கிலோமீட்டரையும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து தீர்த்தவள் நான். அதைப் பற்றியும், அதற்கு நம் கல்லூரியிலேயே இருக்கிற ஒரு எளிய மருந்தைப் பற்றியும் சொல்லவே இக்கட்டுரை.

வண்டி வந்த கதை

எங்கள் ஊர் காவேரிப்பட்டினத்துக்கு அப்பால், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கிருந்து கல்லூரிக்கு 14 கிலோமீட்டர். அப்பா மாம்பழக் காலத்தில் மாங்கூழ் ஆலையில் கூலி வேலை செய்கிறார். மற்ற நாட்களில் இரண்டு கறவை மாடுகளே எங்களுக்குச் சோறு போடுகின்றன. அம்மா களையெடுக்கவும் நாற்று நடவும் போகிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஆணை வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கட்டணமில்லாத பேருந்தில் ஏறவும் முதலில் பேருந்து வர வேண்டுமல்லவா? எங்கள் ஊருக்குக் காலையில் 7.10க்கு ஒரு வண்டி. அதை விட்டால் 10.30க்குத்தான் அடுத்தது. முதல் வண்டி மேல் ஊர்களிலேயே நிரம்பி, படியில் தொங்குகிறவர்களோடு வந்து, சில நாள் நிற்காமலே போய்விடும். செய்முறை வகுப்புள்ள நாளில் மாலை 4.15 வண்டி போய்விட்டால் 7.30 வரை நிலையத்தில் உட்கார வேண்டும். இப்படியே முதல் பருவத்தில் என் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அபராதக் கட்டணம் கட்டித்தான் தேர்வு எழுதினேன்.

அப்போதுதான் வீட்டில் யோசித்தார்கள். அம்மாவின் மகளிர் குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கினோம். ஒரு கிடாரிக் கன்றை விற்றோம். 54,000 ரூபாய்க்கு இந்தச் ‘சார்ஜ் வண்டி’ வந்தது. மாதத் தவணைக்கு, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வந்த 1,000 ரூபாயைக் கொடுத்தேன். ஆகவே இந்த வண்டியில் அம்மாவின் குழுவும் இருக்கிறது, அப்பாவின் கன்றும் இருக்கிறது, அரசின் உதவியும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து என்னைச் சுமந்துகொண்டு கல்லூரிக்கு வருகின்றன.

ஏன் இந்த வண்டி என்று கேட்பீர்கள். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகமும் உள்ள மின்சார வண்டியை நம் நாட்டு விதிகள் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. ஓட்டுநர் உரிமம் வேண்டாம். பதிவு எண் வேண்டாம். விலையும் மற்ற மின்சார ஸ்கூட்டர்களில் பாதிதான். ஏழை வீட்டுக்கு எட்டுகிற மின்சார வண்டி என்றால் இது ஒன்றுதான்.

ஓசையில்லா ஊர்தி

புதிதில் இவ்வண்டி எனக்குத் தந்த மகிழ்ச்சியை எழுத்தில் அடக்க முடியாது. சாவியைத் திருப்பினால் சத்தமே இராது. ஓடுகிறதா, நிற்கிறதா என்பது கைப்பிடியைத் திருகினால்தான் தெரியும். அதிகாலைப் பனியில் மாந்தோப்புச் சாலையில் போகும்போது குயில் கூவுவது காதில் விழும். பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு இந்தப் பேறு உண்டா?

ஆனால் சத்தமின்மையும் ஒரு சங்கடந்தான். ஆடு மாடுகள் விலகுவதில்லை. சாலையோரம் நடந்த பாட்டி ஒருவர், அருகில் போனதும் திடுக்கிட்டு, “பேய் மாதிரி வந்து நிக்கிறியே கண்ணு, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அன்று முதல் ஹாரன் அடிக்காமல் நான் யாரையும் கடப்பதில்லை. நம் வகுப்புத் தோழர்கள் சிலர் இதற்கு ‘மிக்சி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையின் பக்கச் சாலையில், காதோரம் லாரிகள் உரசிக்கொண்டு போக, 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓரமாகவே வந்து பார்த்தால் அந்த மிக்சியின் பொறுமை அவர்களுக்கும் விளங்கும்.

இயற்பியல் மாணவி என்ற முறையில் இவ்வண்டிக்கு நான் வேறொரு விதத்திலும் கடன்பட்டிருக்கிறேன். மின்கலத்தின் அக மின்தடை என்று மேல்நிலை வகுப்பில் மனப்பாடம் செய்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன், பொருள் மட்டும் விளங்கவில்லை. வண்டியில் சார்ஜைக் காட்டும் கட்டங்கள் நான்கு உண்டு. சமதளத்தில் மூன்று எரியும். எங்கள் ஊர் எல்லை மேட்டில் ஏறும்போது ஒன்றாகிவிடும். மேட்டின் உச்சியில் நிறுத்தினால் மறுபடி மூன்று! முதலில் மீட்டர் பொய் சொல்கிறது என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. ஏற்றத்தில் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது; மின்கலத்தின் அக மின்தடையிலேயே அழுத்தத்தின் ஒரு பகுதி விழுந்துவிடுகிறது; வெளியே வருவது குறைகிறது. நின்றால் மின்னோட்டமில்லை; அழுத்தம் மீள்கிறது. பேட்டரிக்கு வயதாக ஆக அக மின்தடை ஏறும். மேட்டில் கட்டங்கள் இன்னும் வேகமாக அணையும். ஆய்வகத்தில் புரியாத பாடத்தை அந்த மேடு எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். என் வண்டியில் 48 வோல்ட், 24 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் ஏறத்தாழ 1.15 யூனிட். ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து ஒன்றரை யூனிட் என்று வைப்போம். புதிதாக இருந்தபோது அதில் 50 கிலோமீட்டர் ஓடினேன். அதே தூரத்துக்கு ஒரு சிறு பெட்ரோல் வண்டி ஒரு லிட்டர் குடிக்கிறது என்று கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். பெரும்பகுதி வெப்பமாக வீணாகிவிடுகிறது. “உன் மின்சாரமும் நெய்வேலியிலும் மேட்டூரிலும் எரித்துத்தானே வருகிறது?” என்று கேட்பவர் கேள்வியில் நியாயமுண்டு. அனல் மின் நிலையத்தில் மூன்றில் இரு பங்கு வெப்பம் வீணாகிறது என்று கொண்டாலும் என் ஒன்றரை யூனிட்டுக்கு எரிந்தது நாலரை யூனிட். அப்போதும் பெட்ரோலில் பாதிதான். ஆகவே மின்சார வண்டி வெறும் நாகரிகமென்று நான் சொல்லமாட்டேன். அதன் பயன் உண்மையானது. அதனால்தான் அதன் குறையைச் சொல்லத் துணிகிறேன்.

நடந்த தூரம்

என் வண்டியில் உள்ளது ஈய-அமில பேட்டரி. 1859இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த அதே வகை. விலை மலிவு, எடை மிகுதி, ஆயுள் குறைவு. விலையுயர்ந்த வண்டிகளில் உள்ளது லித்தியம்-அயனி பேட்டரி. அதை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகத்துக்கு 2019 வந்துவிட்டது; எங்கள் வீட்டுக்கு இன்னும் 1859தான்!

புதிதில் 50 கிலோமீட்டர் போன பேட்டரி, 30 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. இப்போது அன்றாடக் கணக்கைப் பாருங்கள். விடியற்காலையில் அப்பா பாலை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பால் சொசைட்டிக்கு இதே வண்டியில் போய் வருவார். போக வர 4 கிலோமீட்டர். பிறகு நான் கல்லூரிக்குப் போய் வர 28. ஆக 32. இருப்பது 30. குறைவது இரண்டு!

சென்ற நவம்பரில் ஒரு நாள் மாலை, செய்முறை முடிந்து திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் கட்டங்கள் எல்லாம் அணைந்தன; வண்டி நின்றுவிட்டது. பேட்டரி மட்டுமே முப்பது கிலோவுக்கு மேல். மேட்டில் தள்ளினேன். இருபுறமும் மாந்தோப்பு, விளக்கில்லை, மனிதரில்லை. செல்போனை வாயில் கவ்வி வெளிச்சம் பிடித்துக்கொண்டு தள்ளினேன். புல்லுக்கட்டோடு எதிரே வந்த ஒரு பெரியம்மா நின்று பார்த்துவிட்டு, “என்ன கண்ணு, நீ வண்டியை ஓட்டறயா, வண்டி உன்னை ஓட்டுதா?” என்று கேட்டார். கேட்டவர் சும்மா போகவில்லை. புல்லுக்கட்டை வண்டியின் இருக்கையில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஊர் எல்லை வரை வந்தார். மனித சக்தியால் ஓடியது அன்று என் மின்சார வண்டி.

மறுநாள் முதல் அப்பா பால் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டார். முழங்கால் வலிக்கார மனிதர். “நீ போய் வந்தா போதும்” என்றார். நான்கு கிலோமீட்டரை மகளுக்காக விட்டுக்கொடுத்தார். ஆனால் பேட்டரிக்கு அப்பாவின் முழங்கால் தெரியுமா? இரண்டே மாதத்தில் அது 26 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. தேவை 28. மறுபடியும் அதே இரண்டு!

புதுப் பேட்டரிக்குக் கடையில் 14,000 ரூபாய் கேட்கிறார்கள். வண்டிக் கடனே இன்னும் தீரவில்லை.

உறங்காத வீடு

இரண்டு கிலோமீட்டரைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. அது இரவில் வருகிறது.

எங்களுடையது ஓர் அறைத் தொகுப்பு வீடு. வண்டியை வெளியே விட்டால் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்துத் தெருவில் நடந்திருக்கிறது. ஆகவே இரவில் வண்டி வீட்டுக்குள் வருகிறது. உள்ள ஒரே கதவின் அருகில்தான் அதற்கு இடம். ஒன்பது மணிக்குச் சொருகினால் முழுதாக ஏற விடிந்துவிடும். வண்டிக்கு அந்தப்பக்கம் அம்மாவும் தங்கையும் நானும் படுத்திருப்போம்.

2022 மார்ச்சில் நம் பக்கத்து வேலூரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரவில் வீட்டில் சார்ஜ் ஏற்றிய மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு நாட்டில் வேறு சில இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கியது. ஈய-அமில பேட்டரி லித்தியத்தைப் போல் எளிதில் தீப்பிடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சார்ஜ் ஏறி முடியும் நேரத்தில் அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றோட்டமில்லாத அறை அதற்கு ஏற்ற இடமன்று. எங்கள் வீட்டு ஒயரும் பிளக்கும் பழையவை. தொட்டால் சூடு தெரியும்.

அப்பாவுக்கு ஹைட்ரஜனும் தெரியாது, அக மின்தடையும் தெரியாது. வேலூர்ச் செய்தி மட்டும் தெரியும். ஆகவே இரவு ஒரு மணிக்கும், மூன்று மணிக்கும் எழுந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கிறார். நான்கரைக்கு மாடு கறக்க வேண்டும். “தூங்குங்கப்பா, நான் பார்த்துக்கறேன்” என்றால், “நீ படிக்கிற புள்ள, தூங்கு” என்கிறார். நான் வாங்கப்போகும் பட்டத்தில் என் பெயரைத்தான் அச்சிடுவார்கள். அதற்காக விழித்த இரவுகள் அவருடையவை.

யாருக்குக் கிடைத்தது மானியம்?

மின்சார வண்டிகளுக்கு அரசு உதவவில்லை என்று கூறமாட்டேன். 2019 ஆகஸ்டில் மின்சார வண்டிகள் மீதான சரக்கு-சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச் வரை நடந்த மத்திய அரசின் ‘ஃபேம்’ இரண்டாம் கட்டத் திட்டத்தில் இருசக்கர வண்டிகளுக்கு மானியம் தரப்பட்டது. ஆனால் அதைப் பெற, வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமாவது போக வேண்டும். ஒரு முறை ஏற்றினால் 80 கிலோமீட்டராவது ஓட வேண்டும். ஈய-அமில பேட்டரியாக இருக்கக் கூடாது. 25 கிலோமீட்டர் வண்டிக்கு அதில் இடமில்லை.

இதற்கும் காரணம் இருந்தது. நல்ல தொழில்நுட்பம் வளரட்டும் என்ற நோக்கம் தவறன்று. ஆயினும் விளைவைப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் வண்டி வாங்க முடிந்தவருக்குக் கை கொடுத்தார்கள். கன்றை விற்று வாங்கியவருக்குக் கொடுக்கவில்லை. வரியிலும் அப்படித்தான். வண்டியோடு சேர்த்து வாங்கிய பேட்டரிக்கு 5 சதவீதம். பழையது செத்து, புதிதாக ஈய-அமில பேட்டரி தனியே வாங்கினால் 28 சதவீதம் என்றிருந்தது. 2025 செப்டம்பரில் 18 ஆக இறங்கியிருக்கிறது. அடிக்கடி பேட்டரி மாற்ற வேண்டியது யார்? மலிவு வண்டிக்காரர்தான்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்கிறேன். நாட்டின் பெரிய மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் இருப்பது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேதான். ஓசூரிலும், போச்சம்பள்ளிப் பக்கத்திலும். வண்டிகளை அடுக்கிய நீண்ட லாரிகள் நான் வரும் சாலையிலேயே என்னைக் கடந்து போகின்றன. நம் ஊர்ப் பெண்கள் பலர் அந்த ஆலைகளுக்குப் போகிறார்கள். வண்டி பிறக்கிற மாவட்டம் இது. ஆனால் அந்த வண்டிக்கு வழியில் ஒரு வாய் மின்சாரம் கேட்டால் கொடுக்க இடமில்லை!

நான் கேட்பது என்ன?

டில்லிக்கு மனுப் போட இக்கட்டுரையை எழுதவில்லை. நம் கல்லூரியின் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் வண்டி காலை ஒன்பதே கால் முதல் மாலை மூன்றரை வரை அங்கே சும்மா நிற்கிறது. கூரை உண்டு, சுவரில்லை, காற்று தாராளம், பகல் வெளிச்சம், காவலர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற இதைவிடப் பத்திரமான இடம் எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் இல்லை. இல்லாதது ஒன்றே ஒன்று. பிளக் பாயிண்ட்.

சில மாதங்களுக்கு முன் இதைக் கேட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஏம்மா, இன்னிக்கு உன் வண்டிக்குக் குடுத்தா நாளைக்கு நாப்பது வண்டி வந்து நிக்கும். பில்லை யார் கட்டறது? ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?” அவர் கேட்டது நியாயமான கேள்வி. அரசுப் பணத்துக்குக் காவல் இருப்பவர் அப்படித்தான் கேட்க வேண்டும். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். அதை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, செலவு. நான் காலையில் வந்த 14 கிலோமீட்டரை ஈடுகட்ட ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஏற்றினால் போதும். அரை யூனிட் ஆகும்; தாராளமாக முக்கால் யூனிட் என்று வையுங்கள். யூனிட் பத்து ரூபாய் என்றே கொண்டாலும் நாளைக்கு ஏழரை ரூபாய். இதை இலவசமாகக் கேட்கவில்லை. மாணவர் மாதந்தோறும் ஒரு தொகை கட்டி அட்டை வாங்கிக்கொள்ளட்டும். ஏழரை ரூபாய் கொடுக்க எங்களால் முடியும். 14,000 கொடுக்கத்தான் முடியாது.

இரண்டாவது, பளு. என் சார்ஜர் இழுப்பது சுமார் 200 வாட். ஒரு பழைய மின்விசிறி 75 வாட். ஆக ஒரு வண்டி மூன்று விசிறிக்குச் சமமில்லை. நம் நிறுத்துமிடத்தில் நான் எண்ணிய மின்சார வண்டிகள் பதினொன்று; அதில் ஒன்று ஒரு பேராசிரியருடையது. எல்லாம் ஒரே நேரத்தில் ஏற்றினாலும் முப்பது விசிறி ஓடும் மின்சாரமே. வகுப்பு முடிந்தபின் காலி அறைகளில் சுற்றும் விசிறிகளை நாம் நிறுத்தப் பழகினால் அதிலேயே பாதி கிடைத்துவிடும்! நாற்பது வண்டி வந்தால் முற்பகல் இருபது, பிற்பகல் இருபது என்று முறை வைக்கலாம்.

மூன்றாவது, பாதுகாப்பு. தேர்ச்சி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனி ஒயர் இழுக்க வேண்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் எர்த் இணைப்பும், பழுது வந்தால் தானே அணையும் சுவிட்சும் வைக்க வேண்டும். மணல் வாளிகள் நிறுத்த வேண்டும். ஒயர் வெட்டுண்ட சார்ஜரை அனுமதிக்கக் கூடாது. நாள்தோறும் சோதித்துப் பதிவேட்டில் குறிக்க இயற்பியல் துறை மாணவர்களாகிய நாங்கள் முன்வருகிறோம். எங்களுக்கு அதுவே ஒரு செய்முறைப் பாடம்.

இதில் வேறொரு லாபமும் உண்டு. ஈய-அமில பேட்டரியை முற்றிலும் வடியவிட்டு வடியவிட்டு ஏற்றினால் அதன் தகடுகள் விரைவில் கெடும். பாதி வடிந்ததும் ஏற்றினால் ஆயுள் நீளும். ஆகவே கல்லூரியில் கிடைக்கும் மூன்று மணி நேரம், குறைகிற இரண்டு கிலோமீட்டரை மட்டும் ஈடுகட்டவில்லை. அந்த 14,000 ரூபாயையும் சில மாதம் தள்ளி வைக்கிறது. மாலையில் நிறைந்த பேட்டரியோடு வீடு திரும்பினால் அங்கே ஏற்ற வேண்டியதும் பாதிதான். மூன்று மணி நேரம். அதை அம்மா அடுப்படியில் இருக்கும்போதே, கதவு திறந்திருக்கும்போதே, வாசலில் வைத்தே ஏற்றி முடித்துவிடலாம். படுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். அப்பா தூங்குவார்.

தோழர்களே, தோழியரே! என் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். விஞ்ஞானம் ஆய்வகத்தில் பிறக்கலாம், ஆலையில் வளரலாம். அது தன் வேலையை முடிப்பது கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான். மாந்தோப்பு இருட்டில் ஒரு பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் இடம் வரை அது வந்து சேரவில்லை என்றால், அதன் வளர்ச்சியை மேடையில் பேசி என்ன பயன்? அங்கே அதைக் கொண்டு சேர்க்கப் பெரிய ஆலைகள் வேண்டியதில்லை. அறிவு படைத்தவர்கள் கூடியிருக்கும் ஒரு கல்லூரி, தன் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பத்துப் பிளக் பாயிண்ட் வைத்தால் போதும்.

அடுத்த ஆண்டு இம்மலர் வெளிவரும்போது நான் மூன்றாம் ஆண்டில் இருப்பேன். அப்போது எழுத எனக்கு வேறு விஷயம் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை. அந்தப் பெரியம்மாவை எப்போதாவது சாலையில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து, “இப்ப நான்தான் ஓட்டறேன் பெரியம்மா, புல்லுக்கட்டைப் பின்னால வைங்க” என்று சொல்ல வேண்டும்.